நேவியர்–ஸ்டோக்ஸை நிறுவிவிட்டேன் என்று அனுப்புமுன்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்து, பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணிதம் செய்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் நேவியர்–ஸ்டோக்ஸில், அதாவது தண்ணீரும் காற்றும் எப்படி ஓடும் என்று சொல்லும் சமன்பாட்டில், கை வைத்தே தீருவார். பார்க்க நியூட்டனின் இரண்டாம் விதி மாதிரித்தான் இருக்கும், அதோடு இதைப் பற்றிய ஒரு கேள்வியைத் தீர்ப்பவருக்குக் கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து இலட்சம் டொலர் பரிசு வேறு. கை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் எல்லாரும் விழுவது அதே நாலைந்து குழிகளில்.

முதலில் கேள்வியை ஒழுங்காக வாசியுங்கள். "வெள்ளவத்தைக் கடலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, தீர்வு இல்லாமலா போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கடலுக்கு நம்முடைய சமன்பாடு தெரியாது. பரிசுக் கேள்வியில் கரையே இல்லை, அலையடிக்க மேற்பரப்பும் இல்லை. எல்லையற்ற முப்பரிமாண வெளி (அல்லது எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வரும் பெட்டி), அடர்த்தி மாறாத பாயி (ஓடும் பொருள்), ஒப்பமான, அதாவது முறிவோ தாவலோ இல்லாத, தொடக்க வேகம், அவ்வளவுதான். அந்த ஒப்பம் எக்காலத்துக்கும் நிலைக்குமா, இல்லை ஒரு கணத்தில் எங்காவது வேகம் முடிவிலிக்குப் போய்விடுமா? கொஞ்ச நேரத்துக்கு ஒப்பமான தீர்வு உண்டு என்பது எப்போதோ முடிந்த கதை, அதைத் திரும்ப நிறுவிப் பத்துப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

"தீர்வு எக்காலத்துக்கும் உண்டு என்று 1934இலேயே கணிதவியலாளர் லெரே காட்டிவிட்டாரே" என்பது அடுத்தது. காட்டினார்தான், ஆனால் சராசரி எடுத்துப் பார்த்தால் மட்டும் பொருந்துகிற நலிந்த தீர்வை. அது ஒப்பமானது என்றோ ஒன்றேயொன்றுதான் என்றோ அவர் காட்டவில்லை. அதைவிடவும் தளர்ந்த தீர்வுகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்று பக்மாஸ்டரும் விக்கோலும் 2019இல் காட்டினார்கள்.

கணினியில் ஓட்டினேன், வெடிக்கவில்லை (வேகம் முடிவிலிக்குப் போகவில்லை) என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கணக்குப் போட நீங்கள் வெளியைப் பிரித்த வலைக்கண்ணைவிடச் சின்னதாக நடப்பது உங்கள் கணினிக்குத் தெரியாது.

சரி, பெரிய குழிக்கு வருவோம். மொத்தச் சக்தி கூடாது, ஆகவே வேகமும் கட்டுக்குள் இருக்கும் என்கிற வாதம். ஒரு தீர்வை எடுத்து நீளங்களைப் பாதியாக்கி, வேகத்தை இரட்டிப்பாக்கி, காலத்தை நாலில் ஒன்றாக்குங்கள். கிடைப்பதும் அதே பாகுமையோடு (பாயியின் பிசுக்கோடு) ஒரு தீர்வுதான். வேகத்தின் வர்க்கம் நாலு மடங்கு, கனவளவு எட்டில் ஒன்று, ஆகவே சக்தி பாதி. இப்படியே சுருக்கிக்கொண்டு போனால் வேகம் ஏறும், சக்தியோ பூச்சியத்தை நோக்கி இறங்கும். அதாவது ஒரு சின்ன மூலையில் நடக்கிற அட்டகாசம் சக்திக் கணக்கில் தெரியவே தெரியாது. இருபரிமாணத்தில் சுருங்குவது பரப்பு, அது நாலில் ஒன்று, ஆகவே சக்தி மாறாமல் நிற்கும். போதாததற்கு, சுழிப்பை (பாயி ஓரிடத்தில் சுழலும் அளவை) இழுத்து நீட்டும் உறுப்பும் அங்கே இல்லை. கணிதவியலாளர் லடிசென்ஸ்காயா தீர்த்துவைத்த அந்த இருபரிமாண நிறுவலை அப்படியே மூன்றுக்கு ஏற்றப் பார்ப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கணிதவியலாளர் டெரன்ஸ் தாவோ 2014இல் இன்னொரு படி போனார். சமன்பாட்டின் நேரியலற்ற உறுப்பை (வேகம் வேகத்தோடு பெருகும் பகுதியை) சராசரியாக்கி மாற்றினார்; சக்திச் சமன் அப்படியே இருக்கிறது, தீர்வு மட்டும் முடிவுள்ள நேரத்தில் வெடிக்கிறது. தீர்வு வெடிக்காது என்கிற நிறுவல் அந்தச் சமன்பாட்டுக்கும் அப்படியே பொருந்தினால், அது பிழை என்று அர்த்தம். ஆகவே அனுப்புமுன் ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, தாவோவின் சமன்பாட்டுக்குப் பொருந்தாத வரி உங்கள் நிறுவலில் எது என்று தேடி வட்டமிடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் தாளை மேசையிலேயே வைத்திருங்கள்.