சௌனாவில் எத்தனை டிகிரி வைப்பது? முதல்முறை சூடேற்றுபவர்களுக்கு

பின்லாந்தில் சுமார் 55 லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் சௌனாக்கள், அதாவது சூடேற்றிய மர அறையில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல் அறைகள், இருக்கின்றன. அங்கே அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால், குளியலறையை ஒட்டி ஒரு சின்ன மரப்பலகை அறையும் சேர்ந்து வர நல்ல வாய்ப்புண்டு. உள்ளே படிபோல் மேலும் கீழுமாக உட்காரும் பலகைகள், ஒரு மின்சார அடுப்பு, அதன்மேல் கருங்கற்கள், இரண்டு திருகுகள். ஒரு திருகு நேரத்துக்கு, இன்னொன்று சூட்டுக்கு. பல அடுப்புகளில் சூட்டுத் திருகில் டிகிரி எண்ணே இருக்காது, வெறும் கோடுகள்தான். புதிதாக வந்தவர் அதைக் கடைசி வரை திருப்பிவிட்டு, மூன்றாவது நிமிடத்தில் வெளியே ஓடி வருவது வழக்கம்.

முதலில் நேரடியான பதில். முதல்முறைக்கு 65 முதல் 70 டிகிரி செல்சியஸ், கீழ்ப்பலகை, 5 முதல் 8 நிமிடம். சில வாரம் பழகியபின் 75 முதல் 85. அங்கத்தியர்கள் 80 முதல் 100 வரை வைப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் 90ஐத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்று எந்த உடம்பும் கேட்பதில்லை. சௌனாவையும் இதய நோயையும் பற்றி 2015-ல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட பின்லாந்து ஆய்வில்கூட, பங்கேற்ற ஆண்கள் குளித்த சராசரி வெப்பம் 80 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் யார் அதிக நேரம் தாங்குவார் என்று 110 டிகிரியில் உலகப் போட்டி நடத்தினார்கள். 2010 இறுதிச் சுற்றில் ஒரு போட்டியாளர் இறந்துபோனார், போட்டியும் அத்தோடு நின்றது.

படி 1: வெப்பமானி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள்

சௌனாவுக்குள் ஒரே வெப்பம் கிடையாது. மேல்பலகையில் தலையருகே 80 இருக்கும்போது, கால் வைக்கும் பலகையில் 50-60தான் இருக்கும். தரையில் 40ஐக்கூடத் தொடாமல் இருக்கலாம். ஆகவே வெப்பமானி, மேல்பலகையில் உட்கார்ந்தவரின் தலை வரும் உயரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி இருக்கவேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டினால் நீங்கள் உணராத சூட்டைக் காட்டும். கதவோரம் தாழ்வாக மாட்டினால் குறைத்துக் காட்டும், அதை நம்பித் திருகை ஏற்றுவீர்கள். இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கிறது.

படி 2: அடுப்பின் மேலே கை வைத்துப் பாருங்கள் (அணைந்திருக்கும்போது!)

அடுப்பின் மேல் துண்டு, துணி, பிளாஸ்டிக் வாளி எதுவும் இல்லை என்று உறுதி செய்தபிறகே திருகைத் தொடுங்கள். சௌனாவைத் துணி உலர்த்தும் அறையாக்குவது தீ விபத்துக்கு நன்கு தெரிந்த காரணம்.

அப்படியே கற்களையும் ஒருமுறை பாருங்கள். 5 முதல் 10 செ.மீ. குறுக்களவுள்ள கற்கள் இடைவெளி விட்டுத் தளர்வாக அடுக்கியிருக்க வேண்டும். இறுக்கி அடைத்தால் காற்று மேலேறாது, சூடேற்றும் கம்பிகள் அளவுக்கு மீறிக் காய்ந்து பழுதாகும், அறையும் சூடாகாது. கற்கள் நாளடைவில் பொடிந்து உதிரும். வருடம் ஒருமுறையாவது எடுத்து, உடைந்தவற்றை மாற்றி, மீண்டும் அடுக்கவேண்டும்.

படி 3: 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் காய விடுங்கள்

ஒரு கனமீட்டர் அறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்பது கணக்கு. 6 கனமீட்டர் அறைக்கு 6 கிலோவாட் அடுப்பு சரி. ஆனால் கண்ணாடிக் கதவு, ஓடு பதித்த சுவர் போன்ற காப்பில்லாத பரப்பு இருந்தால், ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் 1.2 கனமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 2 சதுரமீட்டர் கண்ணாடி இருக்கும் அந்த 6 கனமீட்டர் அறை, அடுப்பைப் பொறுத்தவரை 8.4 கனமீட்டர். உங்கள் சௌனா 70ஐத் தாண்ட மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அரை மணியில் காற்று 70ஐத் தொட்டுவிடலாம். கற்கள் அவ்வளவு வேகமாகக் காயாது. ஒரு சிட்டிகை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்று சீறி உடனே மறைந்தால் கல் தயார். கல்லை நனைத்துக்கொண்டு அடியில் சொட்டினால் இன்னும் 15 நிமிடம் பொறுங்கள்.

படி 4: உட்காருவது

முதலில் குளித்துவிட்டு உள்ளே போங்கள். சங்கிலி, மோதிரம், உலோகச் சட்டமுள்ள கண்ணாடி எல்லாம் வெளியே இருக்கட்டும், உலோகம் தோலைச் சுட்டுவிடும். பலகைமேல் ஒரு துண்டு விரித்து உட்காருங்கள். மேலே ஏறுவதற்கு அவசரமில்லை. கீழ்ப்பலகையிலிருந்து மேல்பலகைக்கு மாறுவதே 15-20 டிகிரி கூட்டுவதற்குச் சமம். திருகைத் தொடாமலே சூட்டை ஏற்றவும் இறக்கவும் இதைவிட எளிய வழி வேறில்லை.

படி 5: தண்ணீர் ஊற்றுவது. எல்லாம் இங்கேதான் இருக்கிறது

சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றி எழுப்பும் ஆவியை அங்கே 'லோய்லு' என்பார்கள். ஊற்றிய சில நொடிகளில் தோளும் காதும் எரிவதுபோல் இருக்கும். வெப்பமானியின் முள் மட்டும் பெரிதாக அசையாது. காரணம் இதுதான்: 80 டிகிரி வறண்ட காற்று தோலுக்கு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், வியர்வையும் ஆவியாகிக் குளிர்விக்கும். ஈரம் கூடும்போது நிலைமை தலைகீழாகிறது. ஆவி உங்கள் தோலின்மேல் தண்ணீராகப் படிந்து தன் வெப்பத்தை அங்கே இறக்குகிறது. இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கிறதே, அதே வேலைதான்.

எண்ணில் பார்ப்போம். 80 டிகிரியில் ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், பனிநிலை, அதாவது ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், சுமார் 32 டிகிரி. தோல் அதைவிடச் சூடாக இருப்பதால் எதுவும் படியாது. 6 கனமீட்டர் அறையில் 100 மி.லி. தண்ணீர் முழுக்க ஆவியானால் பனிநிலை 40 டிகிரியை எட்டிவிடும். 200 மி.லி. என்றால் 45ஐயும் தாண்டும். அந்த அளவில் உடம்பு முழுக்க ஆவி படிய ஆரம்பிக்கும். கொஞ்சம் காற்றோட்டத்தில் போய்விடும் என்றாலும் போக்கு இதுவே.

ஆகவே அரை அகப்பை, 100 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஊற்றி ஒரு நிமிடம் காத்திருந்து, போதாவிட்டால் இன்னொன்று. ஒரேயடியாக 200 மி.லி.க்கு மேல் ஊற்றினால் எல்லாம் ஆவியாகாது, மிச்சம் கொதிநீராகத் தெறிக்கும். அடுப்பின் பக்கத்தில் யாரும் நிற்காதபோது, முகத்தையும் கையையும் கற்களுக்கு நேர் மேலே கொண்டுபோகாமல் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். கடல்நீர், குளோரின் கலந்த நீச்சல்குள நீர் கூடாது, அடுப்பு அரித்துவிடும். நீலகிரித் தைலத்தை நேராகக் கல்லில் விடாதீர்கள், தீப்பிடிக்கும்.

எங்கள் பரிந்துரை: சூடு போதவில்லை என்று தோன்றினால் திருகை ஏற்றாதீர்கள், அகப்பையை எடுங்கள். 70 டிகிரியும் நல்ல லோய்லுவும், 95 டிகிரி வறட்டுச் சூட்டைவிடச் சுகமானவை. மூக்கு உள்ளே எரிகிறது, மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அறை அதிகச் சூடாகவும் அதிக வறட்சியாகவும் இருக்கிறது.

படி 6: எப்போது வெளியே வருவது

முதல் நாள் 5-8 நிமிடம், பழகியவர்களுக்கு 10-15. வெளியே 10 நிமிடம் ஆற விட்டு, தண்ணீர் குடித்து, மீண்டும் போகலாம். ஒரு குளியலில் அரை லிட்டர் வியர்வை போவது சாதாரணம். தலைசுற்றல், குமட்டல், தலைவலி, சூட்டிலும் மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வெளியேறுங்கள். ஆனால் சட்டென்று எழாதீர்கள். இரத்த நாளங்கள் விரிந்து கிடப்பதால் இரத்த அழுத்தம் விழும். கீழ்ப்பலகையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மயக்கம் வரும் வாய்ப்பு குறையும்.

குடித்துவிட்டு உள்ளே போகவே கூடாது. காய்ச்சல் இருந்தாலும் அன்று வேண்டாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில்கூட நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகளும், இரத்த அழுத்த மாத்திரையோ சிறுநீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் வலி மருந்துப் பட்டை இருந்தால் போகாதீர்கள், சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கும். குழந்தைகளை எப்போதும் பெரியவர் துணையோடு, கீழ்ப்பலகையில், சில நிமிடம் மட்டும் விடுங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் தள்ளினால் திறக்கவேண்டும், பூட்டோ தாழ்ப்பாளோ இருக்கக்கூடாது. வாடகை வீட்டில் யாராவது கொக்கி போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

படி 7: அணைத்தபின்

நேரத்திருகு பூஜ்யத்துக்கு வந்ததா என்று பாருங்கள். பலகையில் விரித்த துண்டுகளை எடுத்துவிட்டு, காற்றுத் துளைகளைத் திறந்து, கதவை விரியத் திறந்து வையுங்கள். மிச்சச் சூட்டிலேயே பலகைகள் காய்ந்துவிடும். ஈரத்துண்டை மட்டும் அந்தக் கற்கள் ஆறும்வரை வேறெங்காவது காயப்போடுங்கள்.