உவர் நிலத்து மிளகாய்க்கு வேர் உட்பூசணம் இடும் முறை

வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் மிளகாய் பயிரிடுவோர், வாம் (VAM) எனப்படும் வேர் உட்பூசணத்தை, அதாவது வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சையை, நடவு வயலில் தூவுவதைவிட நாற்றங்காலிலேயே இட்டுவிடுவது நல்லது. உப்பின் தாக்குதலுக்கு முன்பே அது வேருக்குள் குடியேறிவிட வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 100 கிராம் போதும். விதைக்கும்போதே, மண்ணின் மேற்பரப்பிலிருந்து 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் அதைப் பரப்பி, மேலே மண்ணிட்டு விதைக்க வேண்டும். முளைவேர் கீழிறங்கும்போது இந்த அடுக்கைத் தொட்டாக வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். கையில் அள்ளினால், பூசணம் கலந்திருக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தின் மினுங்கும் செதில்கள்தாம் தெரியும். பூசணம் கண்ணுக்குத் தெரியாது.

வேருக்குள் புகுந்த பூசணத்தின் நுண்ணிழைகள், வேர்த்தூவிகள் எட்டாத மண் இடுக்குகளிலிருந்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரையும் கொண்டுவருவதோடு, செடிக்குள் சோடியம் மிகாமல் பொட்டாசியத்தின் விகிதம் உயர்ந்திருக்கவும் துணைசெய்கின்றன. உவர் மண்ணில் இலை கருகுவது குறைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நாற்றங்காலில் சூப்பர் பாஸ்பேட்டை அளவுக்கு மிஞ்சி இடக்கூடாது. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தோடு உறவு கொள்ளாது. பூசணக்கொல்லி நனைத்த விதையும் உகந்ததன்று. முட்டைக்கோசு, கடுகு ஆகியவற்றுக்கு இதை வாங்குவது வீண்செலவு, ஏனெனில் அக்குடும்பத்தின் வேர்களில் இப்பூசணம் பொதுவாகத் தங்குவதில்லை.

நட்ட பின்னும் வடிகால் வசதியும் தொழுவுரமும் தேவை; மண்ணிலுள்ள உப்பைப் பூசணம் நீக்குவதில்லை.