வாஷ் பேசின் குழாய்: வாங்கும்போதும் பொருத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் தெறிக்கிறது, நூல் மாதிரி வருகிறது, அடியில் கசிகிறது, மாட்டிய சில மாதங்களிலேயே சொட்டுகிறது. வாஷ் பேசின் குழாயைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவுடன் குழாய் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பல வீடுகளில் கோளாறு குழாயில் இருப்பதில்லை. பேசினுக்கு ஒத்துவராத அளவு, வீட்டுத் தண்ணீரின் அழுத்தத்துக்குப் பொருந்தாத வகை, பொருத்தியபோது காட்டிய அவசரம் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். முதல் இரண்டையும் கடைக்குப் போவதற்கு முன்பே சரிபார்த்துவிடலாம். அதைச் செய்யாமல் பளபளப்பைப் பார்த்துக் குழாய் எடுப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தொடக்கம்.

பேசினை அளக்காமல் குழாய் வாங்குவது

முதலில் பேசினில் எத்தனை துளை இருக்கிறது என்று பாருங்கள். ஒரே துளை என்றால் சிங்கிள் லீவர் மிக்ஸரோ (ஒரே கைப்பிடியில் வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்) ஒற்றைக் குழாயோ உட்காரும். அந்தத் துளை பொதுவாக 35 மி.மீ. விட்டம் இருக்கும். மூன்று துளை என்றால், இரண்டு ஓரத் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்துகொள்ள வேண்டும். 4 அங்குலம் ஒரு வகை, 8 அங்குலம் வேறு வகை. ஒன்றுக்கான குழாய் மற்றதில் உட்காராது. துளையே இல்லாத பேசினுக்கு மேடையிலோ சுவரிலோதான் குழாய் வரும்.

அடுத்தது மூக்கின் நீளம். குழாயை நிறுத்தும் துளையின் மையத்திலிருந்து தண்ணீர் விழும் புள்ளி வரை உள்ள தூரத்தைச் சொல்கிறேன். இது குறைவாக இருந்தால் தண்ணீர் பேசினின் பின்சுவரை ஒட்டி விழும். கை கழுவ விரலை இடுக்கில் நுழைக்க வேண்டியிருக்கும். அதிகமாக இருந்தால் முன்பக்கச் சரிவில் பட்டு நம் வயிற்றை நனைக்கும். தண்ணீர் வேஸ்ட் துளையை ஒட்டிய தட்டையான பகுதியில் விழுவதுதான் நல்லது. ஒரு அட்டையைக் குழாயின் நீளத்துக்கும் உயரத்துக்கும் வெட்டி, பேசின் துளை மேல் நிறுத்தி, அடியில் கையை வைத்துப் பாருங்கள். அளவு சரியா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

மேடை மேல் கிண்ணம் போல உட்காரும் பேசினில் உயரம்தான் பெரிய சிக்கல். சாதாரண உயரக் குழாய் விளிம்பைக்கூடத் தாண்டாது. அதற்கென்று உயரமான உடல் கொண்ட குழாய்கள் இருக்கின்றன. ஆனால் அந்த உயரக் குழாயை ஆழமில்லாத பேசினுக்கு வைத்தால், தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சுற்றிலும் தெறிக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழாயின் வாய் பேசின் விளிம்பைவிடக் குறைந்தது 25 மி.மீ. மேலே இருக்க வேண்டும். பேசின் அடைத்து நிரம்பியிருக்கும் நேரத்தில் பைப்பில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், விளிம்புக்குக் கீழே இருக்கும் வாய் அந்த அழுக்குத் தண்ணீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த 25 மி.மீ. இடைவெளி குடிநீரைக் காக்கும் ஏற்பாடு. அழகுக்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

லீவர் பின்னால் சாயும் வகையா என்றும் பாருங்கள். சுவரோ கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டோ இடித்தால், லீவர் முழுதாகத் திரும்பாது.

அழுத்தத்தை மறப்பது

என்னைக் கேட்டால், அதிகம் பேர் செய்வதும் யாரும் முன்கூட்டிச் சொல்லாததுமான தவறு இதுதான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு, 10 மீட்டர் உயரத்துக்குத் தோராயமாக 1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி குழாயைவிட 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். அதனால்தான் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறையில் தண்ணீர் மெதுவாகவும், கீழ்த்தளத்தில் வேகமாகவும் வருகிறது. பல சிங்கிள் லீவர் மிக்ஸர்களுக்குக் குறைந்தது 0.5 பார், சிலவற்றுக்கு 1 பார் தேவை என்று பெட்டியில் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் வாங்கி மாட்டிவிட்டு, கடையில் பாய்ந்த தண்ணீர் வீட்டில் ஏன் பாயவில்லை என்று யோசிப்பதில் பயனில்லை. மிக்ஸருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜின் வழி குறுகல், அதோடு வரும் கனெக்‌ஷன் பைப்பின் உள்துளையும் குறுகல், வாயில் ஏரேட்டர் என்ற சல்லடை மூடி வேறு. இவை ஒவ்வொன்றும் அழுத்தத்தைத் தின்னும்.

அழுத்தம் குறைந்த இடத்துக்கு, கால் சுற்றில் திறக்கும் பில்லர் காக்கோ (பேசின் மேல் நிற்கும் ஒற்றைக் குழாய்) இரண்டு கைப்பிடி கொண்ட மிக்ஸரோ நன்றாக ஒத்துவரும். மிக்ஸர்தான் வேண்டும் என்றால், குறைந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதைத் தேடுங்கள். ஏரேட்டரும் அதே வகையில் கிடைக்கும். தண்ணீர் வரவில்லையே என்று ஏரேட்டரையே கழற்றி எறிவது தவறு. காற்றைக் கலந்து தண்ணீரை மென்மையாக்கித் தெறிக்காமல் காப்பது அதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பம்ப் வைத்து அழுத்தம் 5 பாருக்கு மேல் போகும் இடங்களில் கனெக்‌ஷன் பைப்புகளும் கார்ட்ரிட்ஜும் சீக்கிரம் தேயும். அங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். குளிர்நீர் நேரடி இணைப்பிலும் வெந்நீர் தொட்டி வழியாகவும் வந்தால், வேகமானது மற்றதன் பைப்புக்குள் புகுந்துவிடும். அந்த இடத்தில் ஒருவழி வால்வு போடாமல் மிக்ஸர் மாட்டாதீர்கள்.

எதனால் செய்தது என்று கேட்காதது

குரோம் பூச்சுக்கு அடியில் பித்தளையும் இருக்கலாம், துத்தநாகக் கலவையும் இருக்கலாம், பிளாஸ்டிக்கும் இருக்கலாம். வெளியே மூன்றும் ஒன்றுபோலத்தான் மின்னும். பித்தளை கனமாக இருக்கும், நீண்ட காலம் வரும். துத்தநாகக் கலவை பூச்சு உரிந்த இடத்தில் அரிக்கத் தொடங்கிவிடும். எடை மட்டும் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு, அதனால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல் துலக்கி வாய் கொப்பளிக்கும் குழாய் இது. பித்தளையில் ஈயம் கலப்பதுண்டு என்பதால் ஈயம் குறைந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 விழுக்காடு என்பது அமெரிக்கா 2014 முதல் வைத்திருக்கும் வரம்பு. உள்ளே செராமிக் டிஸ்க் கார்ட்ரிட்ஜ் இருப்பதும், அது தனியாக வாங்கக் கிடைப்பதும் முக்கியம்.

பைப்பைக் கழுவாமல் குழாய் மாட்டுவது

புதுக் குழாய் சொட்டுகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பைப் வேலை முடிந்த பின் உள்ளே மணல், சிமெண்ட் துகள், பிளாஸ்டிக் சீவல், டேப் துணுக்கு எல்லாம் கிடக்கும். செராமிக் டிஸ்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நகர்வதால்தான் தண்ணீர் நிற்கிறது. நடுவே ஒரு மணல் துகள் சிக்கிக் கீறிவிட்டால், அப்புறம் எவ்வளவு அழுத்தி மூடினாலும் சொட்டும். ஆகவே பேசினுக்கு அடியில் சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வில் எதையும் இணைக்கும் முன், வாளியைப் பிடித்து முழு வேகத்தில் ஓரிரு நிமிடம் தண்ணீரை விடுங்கள். குழாயை மாட்டிய பின்னும், ஏரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை ஓடவிட்டு, பிறகு திருப்பி மாட்டுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். பேசினைச் சுவரில் ஏற்றிவிட்டுக் குழாயை மாட்டப் போனால், கையும் ஸ்பேனரும் நுழையாத இடுக்கில் தலைகீழாகப் படுத்து வேலை செய்ய வேண்டும். நட்டு சரியாக இறுகாது. சில வாரத்தில் குழாய் ஆடும். பேசின் கீழே இருக்கும்போதே குழாயையும், கழிவுநீர்த் துளையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கையும் பொருத்திவிட்டால் கண்ணுக்குத் தெரிந்து வேலை நடக்கும்.

இறுக்கும்போது பலம் காட்டுவது அடுத்த தவறு. பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவே ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். குழாய் அசையாத அளவுக்கு நட்டு இறுகினால் போதும். அதற்கு மேல் போனால் பேசினில் விரிசல் விழும். மிக்ஸருக்குள் திருகும் கனெக்‌ஷன் பைப் நுனியில் ஓ-ரிங் இருக்கும். அதைக் கையால் இறுக்கினாலே போதும், ஸ்பேனர் போட்டால் ஓ-ரிங் நசுங்கி அங்கேயே கசியும். மறுமுனையில் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். கசிவை அடைப்பது அந்த வாஷர்தான், மரை இல்லை; அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் கிடையாது. டேப் தேவைப்படுவது ஆங்கிள் வால்வு சுவருக்குள் ஏறும் மரைக்கு. மரையின் நுனி நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே உரிந்து வந்துவிடும்.

வேறு நாட்டுக் குழாய் வாங்குகிறவர்கள் மரையைக் கட்டாயம் பாருங்கள். பிரிட்டிஷ் அளவுமுறையான பிஎஸ்பி மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க அளவுமுறையான என்பிடி மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் சில சுற்று ஒழுங்காக ஏறும். பிறகு கசியும், எத்தனை டேப் சுற்றினாலும் நிற்காது.

கனெக்‌ஷன் பைப்பை முறுக்கியோ மடித்தோ விடாதீர்கள். நீளம் பத்தாமல் இழுத்தும் மாட்டாதீர்கள். வெந்நீர் இடப்பக்கம், குளிர்நீர் வலப்பக்கம். குரோம் பாகத்தில் பைப் ரெஞ்சின் பல் படக் கூடாது, துணி சுற்றிப் பிடியுங்கள்.

பேசினில் மேலே வழிவுத் துளை இருந்தால், வேஸ்ட் கப்ளிங்கிலும் பக்கவாட்டில் துளை இருக்க வேண்டும். துளையில்லாத கப்ளிங்கைப் போட்டால், வழிந்து வரும் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி நாறும்.

சுவரில் பதிக்கும் குழாய் என்றால், டைல்ஸ் ஒட்டும் முன்பே அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்துவிட வேண்டும். உள் உடலின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் முடிந்த சுவர் எந்த மட்டத்தில் வர வேண்டும் என்று கோடு இருக்கும். டைல்ஸ், பசை இரண்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இதில் தவறினால் சுவரை உடைக்க வேண்டிவரும்.

எல்லாம் முடிந்தவுடன் ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ தாளை வைத்து ஒற்றிப் பாருங்கள். வெந்நீர் விட்டு ஒருமுறை, மறுநாள் காலையில் இன்னொரு முறை.

பிறகு துடைக்கும்போது அமிலக் கலவையைக் குழாய் மேல் ஊற்றாதீர்கள், குரோம் கறுத்துப்போகும். பிளீச், அமில பாட்டில்களைப் பேசினுக்கு அடியில் வைப்பதும் வேண்டாம், அதன் ஆவி கனெக்‌ஷன் பைப்பின் எஃகுப் பின்னலை அரித்துவிடும். உப்புக் கறை படிந்த ஏரேட்டரை மட்டும் கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம். அதைக் கழற்றும் சின்ன பிளாஸ்டிக் சாவி சில குழாய்களுக்குப் பெட்டியிலேயே வரும். அதையும், குழாயின் மாடல் எண் எழுதிய தாளையும் பேசினுக்கு அடியில் ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய நாளில் பிளம்பர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.