மூட்டையைப் பிரிக்காமல் அரைக்காதீர்கள்: மூலிகை வேதியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, "மேடம், கீழாநெல்லியை அரைச்சு மெத்தனால்ல ஊறப் போட்டாச்சு" என்றார். எங்கே வாங்கினது என்று கேட்டேன். நாட்டு மருந்துக் கடையில். "அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு செடியாவது எடுத்து வெச்சியாம்மா?" இல்லை. நான் ஆய்வில் சேர்ந்த வருடம் செய்த அதே தவறு. கையுறை போடுவது, புட்டியில் பெயர் எழுதுவது எல்லாம் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தச் செடி என்று தெரியாமலே அரைப்பது

என்னுடைய எட்டு மாதங்களை விழுங்கிய தவறு இது. கடையில் வாங்கிய முதல் மூட்டையில், நான் தேடிய பில்லாந்தின் என்ற கீழாநெல்லிச் சேர்மம் நன்றாகவே வந்தது. சாற்றில் உள்ளவற்றைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் தெளிவான புள்ளி. இரண்டாவது மூட்டையில் அதே இடத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பருவம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். கரைப்பானை மாற்றினேன். சிலிக்கா நிரப்பிய குழாயில் சாற்றைப் பிரிக்கும் காலம் (column) குரோமட்டோகிராஃபியைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சிலிக்கா சரியில்லை என்று புது டப்பா வாங்கினேன். செடியை மட்டும் சந்தேகிக்கவில்லை.

கடைசியில், மூட்டையின் அடியில் அரைபடாமல் கிடந்த ஒரு கைப்பிடியைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தண்ணீரில் நனைத்து, லென்ஸை வைத்து, இலைக்கு அடியில் இருந்த காயைத் திருப்பினார். "தோலைப் பாரும்மா, சொரசொரன்னு இருக்கு. காம்பே இல்ல. இது செங்கீழாநெல்லி."

கீழாநெல்லியான பில்லாந்தஸ் அமாரஸின் காய் வழவழவென்று சிறு காம்போடு தொங்கும். செங்கீழாநெல்லியான பில்லாந்தஸ் யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பில்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். என் கைப்பிடியில் இரண்டும் கலந்திருந்தன. பொடியாகிவிட்ட மிச்சத்தில் எது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? எட்டு மாத அளவீடுகளையும் ஒதுக்கிவிட்டேன்.

இதில் கடைக்காரர்மேல் குற்றமில்லை. பறிப்பவருக்கு இலைக்கடியில் நெல்லிபோல் வரிசையாகக் காய்த்தால் அது கீழாநெல்லி. அப்படிக் காய்க்கும் சிறு செடிகள் பல இருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டியது நாம். "உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டது" என்று ஒரே வரியோடு முடித்துக்கொள்ளும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அதை நம்பி இன்னொருவர் தன் வருடத்தைத் தொலைப்பாரே!

பூவும் காயும் உள்ள செடியை வேரோடு எடுங்கள். செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவையுங்கள். பறித்த இடம், தேதி, கூட என்ன வளர்ந்திருந்தது என்பதை அன்றைக்கே எழுதுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) இருக்கிறது, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. இப்படி ஒரு இடத்தில் காட்டிப் பெயரை உறுதிசெய்து, மாதிரிக்கு எண் வாங்குங்கள். அப்புறம் அரையுங்கள்.

கொதிக்கவைத்தே பழகுவது

சீனாவில் மருந்து ஆய்வாளர் தூ யூயூவின் குழு மலேரியாவுக்காக ஆர்ட்டிமிசியா செடியை ஆராய்ந்தபோது, முதலில் எடுத்த சாறுகள் ஒருமுறை பலன் தந்தால் மறுமுறை தரவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன பழைய மருத்துவக் குறிப்பு ஒன்று அவரை யோசிக்க வைத்தது. அதில் சூடே இல்லை. 1971இல், சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார்கள், பலன் நிலைத்தது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் அந்த வழியில் கிடைத்ததுதான், 2015இல் நோபல் பரிசும் வந்தது. கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டவேப்பரின் தண்ணீர்த் தொட்டியை 80 டிகிரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

காளான் பொடியில் தானிய மாவு

தானியத்தில் வளர்த்த காளான் இழையைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதுண்டு. ஃபீனால்–கந்தக அமிலச் சோதனை மொத்தச் சர்க்கரையைத்தான் காட்டும். மாவுச்சத்தும் அதில் சேர்ந்துவிடும். அந்த எண்ணை, காளானில் நாம் தேடும் பலசர்க்கரையான பீட்டா குளுக்கான் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் பொடியில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால், கையில் இருப்பதில் மாவு இருக்கிறது.

பிளாஸ்டிக் புட்டி

சேர்மங்களை இனங்காணும் ஜி.சி.எம்.எஸ். கருவியில், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வந்தால் முதலில் புட்டியைச் சந்தேகியுங்கள்.

டி.பி.பி.எச். மட்டும்

இது ஆக்ஸிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்கும் சோதனை. அதில் ஊதா நிறம் வெளுத்ததாலேயே சாறு மருந்தாகிவிடாது.

அந்த மாணவி, ஊறப் போட்டதை வடிகட்டி ஓரமாக வைத்துவிட்டார். நல்ல மழை ஒன்று பெய்து பதினைந்து இருபது நாள் போகட்டும் என்று காத்திருக்கிறோம். வரப்போரம் காயோடு செடி கிடைக்கும். லென்ஸை இப்போதே பையில் போட்டு வைத்திருக்கிறார்.