ஐஆர்ஏ பணம் எடுத்தீங்களா? 4பி லைன்ல எழுதுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

அமெரிக்கால இருக்கறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ட்ரெடிஷனல் ஐஆர்ஏ, அதாவது ரிட்டயர்மென்ட்டுக்கு சேமிக்கற அக்கவுன்ட்ல இருந்து பணம் எடுத்தா 1099-ஆர் ஃபார்ம் வரும், அதுல பாக்ஸ் 1ல எடுத்த மொத்த தொகை, 2ஏல வரி கட்டவேண்டிய தொகை. பெரும்பாலும் ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் இருக்கும், பக்கத்துல 2பில "டாக்ஸபிள் அமவுன்ட் தெரியல"ன்னு டிக் பண்ணிருப்பாங்க. அந்த டிக்க தயவுசெஞ்சு கவனிங்க, கணக்கு போடவேண்டியது நீங்கதான்னு அர்த்தம்.

ஏன்னா, முன்னாடி டிடக்‌ஷன் எடுக்காம, அதாவது வரி கட்டின பணத்தையே ஐஆர்ஏல போட்டிருந்தா அதுக்கு மறுபடி வரி கிடையாது, ஆனா அத நீங்க 8606 ஃபார்ம்ல காட்டணும். உதாரணமா வரி கட்டின பணம் 20,000 டாலர், இந்த வருஷம் எடுத்தது 10,000, வருஷக் கடைசில உங்க எல்லா ட்ரெடிஷனல் ஐஆர்ஏலயும் சேத்து மீதி 90,000 இருக்குன்னா, மொத்தம் 1,00,000ல 20,000, அதாவது 20 சதவீதம், அதனால எடுத்ததுல 2,000க்கு வரி இல்ல. வருஷா வருஷம் வரிக் கணக்கு காட்டற 1040 ஃபார்ம்ல 4ஏ லைன்ல 10,000, 4பில 8,000. வரி கட்டின பணத்த மட்டும் முதல்ல எடுத்துக்கறேன்னு சொல்ல முடியாது, ஒரு அக்கவுன்ட்ட மட்டும் தனியா பிரிச்சும் கணக்கு போட முடியாது.

401கே (வேலை பாக்கற கம்பெனி மூலமா சேமிக்கற ரிட்டயர்மென்ட் கணக்கு), பென்ஷன்னா அதே 1040ல 5ஏ, 5பி லைன். 1099-ஆர் பாக்ஸ் 4ல இருக்கற, பிடிச்ச வரிய 1040ல 25பி லைன்ல போட மறந்துடாதீங்க, அது உங்க காசு. பழைய 8606 எதையும் தூக்கிப்போடாதீங்க, ஐஆர்ஏ முழுசா காலியாகற வரைக்கும் பத்திரமா வைங்க.