மௌன சைக்கிள் பயணம்: அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் செய்யக் கூடாதவை

2003 மே மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சைக்கிளில் சென்ற ஒருவர், தன்னைக் கடந்த பள்ளிப் பேருந்தின் பக்கக் கண்ணாடி மோதி இறந்தார். அவருடைய நண்பர் கிறிஸ் ஃபெலன் அதே மாதம் டல்லாஸில் ஓர் அஞ்சலிப் பயணத்துக்கு அழைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டார்கள். இன்று ‘ரைட் ஆஃப் சைலன்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் மே மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு இது நடக்கிறது. நிபந்தனைகள் நான்கே: பேசக் கூடாது, மணிக்கு 12 மைலைத் தாண்டக் கூடாது, ஹெல்மெட் அணிய வேண்டும், சாலை விதிகளை மதிக்க வேண்டும். சாலையில் இறந்தவர்களுக்காகப் போகிற பயணத்தில் இன்னொருவர் விழுந்து அடிபடுவதைவிடக் கொடுமை வேறில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பச் சில தவறுகள் நடக்கின்றன.

மெதுவாகத்தானே போகிறோம் என்ற நினைப்புதான் முதல் ஆபத்து. வேகம் குறையக் குறைய சைக்கிள் அதிகம் தள்ளாடும். நேராக நிறுத்த ஹேண்டிலை இடமும் வலமும் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கும். வந்திருப்பவர்களில் பலருக்குக் கூட்டமாக ஓட்டிப் பழக்கமும் இருக்காது. உங்கள் முன்சக்கரம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நான்கு விரல் அளவு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பள்ளத்தைப் பார்த்துச் சற்றே விலகுகிறார். டயரோடு டயர் உரசுகிறது. அவருக்கு லேசான அதிர்வு, அவ்வளவுதான். உங்களுக்கோ திசை திருப்பும் சக்கரமே தள்ளப்பட்டுவிடுகிறது. சமாளிப்பதற்குள் தரையில் கிடப்பீர்கள். பின்னால் வருகிறவர்கள் உங்கள் மேல் ஏறுவார்கள். முன்னே ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். முன்னால் இருப்பவரின் முதுகையே பார்க்காமல், அவரையும் தாண்டி இரண்டு மூன்று பேருக்கு அப்பால் பார்வையை வையுங்கள்.

மௌனம் என்பதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் குழுப் பயணங்களில் “பள்ளம்!”, “பின்னால் கார்!” என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். இங்கே அந்தக் குரல் இல்லை என்பதால் கைச்சைகை இரண்டு மடங்கு தேவைப்படுகிறது. நிற்பதற்கு, திரும்புவதற்கு, கீழே இருக்கும் தடையைக் காட்டுவதற்கு எந்தச் சைகை என்பதைக் கிளம்புமுன் அத்தனை பேருக்கும் செய்து காட்டிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கத்துங்கள். அதனால் அஞ்சலிக்கு எந்தக் குறையும் வராது.

அடுத்தது, இதை ஊர்வலமாக்கிவிடுவது. காவல்துறையின் வழித்துணை இருந்தால் அது வேறு விஷயம். இல்லாதபோது முன்வரிசை பச்சை விளக்கில் கடந்துவிட, விளக்கு சிவப்பான பிறகும் கடைசி வரிசை விடாமல் தொடர்வது தற்கொலைக்குச் சமம். குறுக்குச் சாலையிலிருந்து வருகிற ஓட்டுநருக்கு முன்னால் போன ஐம்பது பேரைத் தெரியாது. வால் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். தலைமை ஏற்றவர் அப்பால் ஓரமாக நின்று காத்திருக்கலாம். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கமாகத்தான் ஓட்டுவார்கள் என்பதால், சந்திப்பில் நிற்கும் லாரி அல்லது பேருந்தின் வலப்பக்கச் சந்தில் நுழைந்து முன்னேறவே கூடாது. அது வலப்புறம் திரும்பினால் நீங்கள் ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

துக்கம் என்பதால் உச்சி முதல் பாதம் வரை கறுப்பில் வருபவர்கள் உண்டு. அந்த உணர்வு புரிகிறது. ஆனால் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை, விபத்தில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்குச் சிவப்புப் பட்டை என்ற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அது போதும். சட்டை வெளிர் நிறத்தில் இருக்கட்டும்.

வழியில் வெள்ளைச் சைக்கிள்கள் நிற்கலாம். 2003-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வழக்கம் அது: டயர், சங்கிலி உட்பட முழுவதும் வெள்ளை பூசி, ஒருவர் இறந்த இடத்திலேயே நிறுத்துவார்கள். ஒருவர் உயிரையே வாங்கிய சாலை அது. அங்கே கூட்டமாகச் சாலையிலேயே நின்று படம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளையும் நடைபாதைக்கு ஏற்றிவிட்டு, பிறகு தலை குனியுங்கள்.

பயணம் முடிந்தபின் வரும் அலட்சியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டல்லாஸில் மே மாத நடுவில் சூரியன் மறைய எட்டு மணிக்கு மேலாகும். ஏழு மணி வெளிச்சத்தை நம்பி விளக்கில்லாமல் வந்துவிடுகிறார்கள். திரும்பும்போது இருட்டிவிடுகிறது, கூட்டமும் கலைந்துவிடுகிறது, தனியாகப் போக வேண்டும். இரவில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானோ சிவப்பு விளக்கோ இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். பிரதிபலிப்பானை மட்டும் நம்பாமல் பின்விளக்கையே மாட்டுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை எரியவிட்டுப் பாருங்கள்.