ஊர் நிலம் காக்க நிதி திரட்டும் விழாக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்ததும் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் மொய் விருந்துகள் தொடங்கிவிடும். அழைப்பிதழ் அச்சடித்து, பந்தல் போட்டு, கறி விருந்து பரிமாறி, நோட்டும் பேனாவுமாக அமர்ந்திருப்பவரிடம் பெயரையும் ஊரையும் சொல்லிப் பணத்தை வைத்துவிட்டுப் போகும் இந்த வழக்கம், வட்டியில்லாமல் ஒரு வட்டாரமே தன் மக்களுக்கு மூலதனம் திரட்டித் தரும் ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பேராவூரணிப் பெரியகுளத்தை அப்பகுதி மக்களே முன்னின்று பணம் திரட்டித் தூர்வாரியதும் இதே கடைமடை மண்ணில்தான். ஊர் கூடினால் குளத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் கோயில்காட்டையும் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும், விருந்து, ஓட்டப்பந்தயம், கலை நிகழ்ச்சி என்று விழா நடத்தி நிதி சேர்க்கும் குழுக்களில் பல, முதல் ஆண்டோடு கலைந்துபோகின்றன. மக்களுக்கு மனமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. பெரும்பாலும் விழாவுக்கு முன்பே செய்துவிட்ட தவறுகளே காரணம்.

அவற்றுள் முதன்மையானது, நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முன் விழாவுக்கு நாள் குறித்துவிடுவது. நம் ஊர்க் குளம் என்று நாம் உரிமையோடு சொல்லலாம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. கோயில்காடு என்று நாம் அழைப்பது அறநிலையத்துறையின் கீழ் வரும் கோயிலுக்குச் சொந்தமாக இருக்கலாம், வனத்துறையின் காப்புக்காடாக இருக்கலாம், வெறும் புறம்போக்காகவும் இருக்கலாம். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று கிராம நிலங்களின் விவரம் கொண்ட அ-பதிவேட்டில் அந்த நிலத்தின் வகைப்பாட்டையும், நில அளவைப் படமான புலப்படத்தில் அதன் எல்லையையும் பார்த்துப் புல எண்ணை (சர்வே எண்) குறித்துக்கொள்வதே முதல் வேலை. அதன்பின் உரிய துறையிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும். பணத்தைச் சேர்த்துவிட்டு அனுமதிக்காக அலையும் குழு, நாள் தள்ளத் தள்ள ஊராரின் சந்தேகத்துக்கு ஆளாகிறது. அந்தச் சந்தேகம் ஒருமுறை விழுந்துவிட்டால் அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த ஊரில் பொதுக் காரியத்துக்குப் பணம் கேட்க முடியாது.

கிராமசபைத் தீர்மானம் பெறுவதைப் பலர் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறார்கள். குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 ஆம் நாள் உள்ளாட்சிகள் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் தீர்மானம் நிறைவேறியிருந்தால், பின்னர் ஊராட்சித் தலைவர் மாறினாலும் அலுவலர் மாறினாலும் வேலைக்கு ஓர் அடிப்படை இருக்கும். பொதுமக்கள் பங்குத்தொகையோடு அரசு நிதியைச் சேர்த்துப் பணி செய்யும் ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில் இடம்பெற முடியுமா என்பதையும், பணத்தைச் செலவிடத் தொடங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு தவறு, தூர்வாரும்போது கிடைக்கும் வண்டலையும் வெட்டிய சீமைக்கருவேல மரத்தையும் விற்றுச் செலவைச் சரிக்கட்டலாம் என்ற கணக்கு. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண் எடுக்க உரிய அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ள விதிகளில் இடமுண்டு. அதை விற்பதற்கு இடமில்லை. புறம்போக்கில் நிற்கும் மரத்தையும் குழு தன் விருப்பப்படி வெட்டி விற்க முடியாது. நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்கள் மீது மண் திருட்டு வழக்கு வருவது பெருந்துயரம். அதற்கு நாமே வாய்ப்பளிக்கக் கூடாது.

பணம் எதற்கு?

‘நீர்நிலை காப்போம், நிதி தாரீர்’ என்று மட்டும் துண்டறிக்கை அச்சிடுவது அடுத்த தவறு. எந்தக் கரை, எத்தனை மீட்டர் வாய்க்கால், எந்த மதகு என்று சொல்லாத வேண்டுகோளுக்கு மக்கள் இரக்கப்பட்டு ஒருமுறை கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஏரி என்பது தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டுமன்று. மழைநீரைக் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், தாங்கி நிற்கும் கரை, வயலுக்குத் திறந்துவிடும் மதகு, மிகுநீரை வெளியேற்றும் கலுங்கு ஆகிய நான்கும் சேர்ந்த அமைப்பு. ஆனால் திரட்டிய பணம் முழுவதையும் பொக்லைன் எந்திரத்தை வைத்து, நீர் தேங்கும் உட்பரப்பான உள்வாயைத் தோண்டுவதிலேயே செலவிட்டுவிடும் குழுக்களே அதிகம். ஆழப்படுத்திய குளம் படத்தில் நன்றாக இருக்கும். வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் ஐப்பசி மழைக்குப் பின்னும் அது வெறுங்குழியாகவே நிற்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்த ஆழத்தில் நிற்கும் நீர் வயலுக்குப் பாயாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமடையும். எனவே பாசன அனுபவமுள்ள முதியவர்களையும் ஒரு பொறியாளரையும் அழைத்து வந்து நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்த பிறகே மதிப்பீடு தயாரிக்க வேண்டும்.

மரக்கன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்து நிதி சேர்ப்பது இன்று பரவலாகிவிட்டது. கொடுப்பவருக்குக் கணக்கு எளிது என்பதால் இம்முறை வெல்கிறது. ஆனால் எல்லா நிலமும் மரம் கேட்பதில்லை. நீலகிரியில் புல்வெளிகள் பயனற்ற வெற்றிடம் எனக் கருதப்பட்டு, அவற்றில் வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) தைலமரமும் நடப்பட்டதால் நேர்ந்த கேட்டைச் சரிசெய்ய இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறோம். சமவெளியிலும் ஆடுமாடு மேயும் புல்நிலம், வெளிமானும் தரையில் கூடுகட்டும் பறவைகளும் வாழும் வெட்டவெளி ஆகியவை தம்மளவில் முழுமையான நிலங்கள். அங்கே ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வது நிலத்தைக் காப்பதாகாது. ஏரியின் உள்வாயில் மரம் நடுவதும் அப்படியே. பனை விதைக்கக் கரை பொருத்தமான இடம். அதற்குப் பணமும் அதிகம் தேவைப்படாது.

மொய்யா, கொடையா?

தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மொய் விருந்து முறையிலேயே பொது நிலத்துக்கு நிதி திரட்ட நினைப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மொய் என்பது கொடை அன்று. திரும்பி வர வேண்டிய பணம். இன்று எனக்கு நீ வைத்ததை, உன் விருந்தில் நான் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும் என்பது அதன் நெறி. வைக்காமல் விட்டால் உறவே முறியும். குளத்துக்காக நடக்கும் விருந்தில் ஒருவர் 5,000 ரூபாய் எழுதிவிட்டுப் போனால், அதை யார் அவருக்குத் திருப்பிச் செய்வது என்ற கேள்வி எழுந்தே தீரும். அழைப்பிதழிலேயே ‘இது திரும்பச் செய்ய வேண்டிய மொய் அன்று, பொது நிலத்துக்கான கொடை’ என்று தெளிவாக அச்சிடாமல், மொய் நோட்டின் பழக்கத்தை மட்டும் கடன் வாங்குவது குழப்பத்தில் முடியும். குழுவின் தலைவர் தம் சொந்த மொய்க் கணக்கை இதில் கலந்துவிடுவது இன்னும் மோசம். மொய் முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பெயரும் அந்த இடத்திலேயே எழுதப்படுகிறது, தொகை எல்லார் முன்னிலையிலும் எண்ணப்படுகிறது, நோட்டு பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஒழுங்கு எந்தக் குழுவுக்கும் பாடம்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்பதும் பழகிய வழிதான். கோயில் திருவிழாவுக்கு அந்த முறை பொருந்தலாம். பொது நிலத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தலைக்கட்டு என்றவுடன் எந்தத் தெரு கணக்கில் வருகிறது, எந்தத் தெரு வருவதில்லை என்ற பழைய பிரிவினை உள்ளே வந்துவிடுகிறது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணை அரைப்புள்ளியாக, அதாவது பாதித் தலைக்கட்டாக எண்ணும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. சேரியிடம் வரி வாங்காமல் விட்டது பெருந்தன்மை போலத் தோன்றலாம். நாளை அந்தக் குளத்தில் இறங்கும் உரிமை பற்றிய பேச்சு வரும்போது, ‘நீங்கள் என்ன கொடுத்தீர்கள்’ என்று கேட்பதற்கு அதுவே காரணமாகிவிடும். பத்து ரூபாயானாலும் ஒரு நாள் உழைப்பானாலும் எல்லாத் தெருக்களின் பங்கும் ஒரே நோட்டில், ஒரே வரிசையில் ஏறியிருக்க வேண்டும். கோடையில் ஆட்டுக்கிடை போடும் மேய்ப்பர்களான கீதாரிகள், மீன் குத்தகை எடுத்தவர்கள், கரையில் விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோரை அழைத்துப் பேசாமல் வேலி போடவும் கூடாது. அந்த நிலத்தை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்களே.

யாரிடம் பணம் பெறுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். வரத்து வாய்க்காலை மறித்து மனை போட்டவரோ, கழிவுநீரை ஏரியில் விடும் ஆலையோ முதல் கொடையாளராக வந்து பெயர்ப்பலகை கேட்டால், தொகை பெரிது என்பதற்காக வாங்கிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011 இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆக்கிரமித்தவரின் பணத்தில் விழா நடத்திய குழு, நாளை இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பேச முடியாது.

பணத்தை வாங்கும் முறை

செயலாளரின் கைப்பேசி எண்ணுக்கே ஜிபே மூலம் பணம் அனுப்பச் சொல்வது வசதியானது. ஆனால் அந்தப் பணம் சட்டத்தின் பார்வையில் அவருடைய கணக்கில் வந்த பணம். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்து, இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கைத் தொடங்கிய பிறகே வசூலில் இறங்க வேண்டும். கொடைக்கு வருமான வரிச்சலுகை உண்டு என்று துண்டறிக்கையில் போடும் முன், அதற்கான ஒப்புதல் உண்மையில் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கும், அரிசியாகவும் ஆடாகவும் கொடுத்தவருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதும் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் பெறும்போது நேரும் தவறு மிகவும் சிக்கலானது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வளைகுடாவிலிருந்து தம் சேமிப்பை வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது அயல்நாட்டு நிதி ஆகாது. அவருடைய பங்காளியே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், அவர் அனுப்புவது அயல்நாட்டு நிதி. அதைப் பெற 2010 ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகவே வர வேண்டும். ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இருவருக்கும் ஒரே கணக்கு எண்ணை அனுப்பிவிடுவது இப்படித்தான் குற்றமாகிவிடுகிறது.

பரிசுக் குலுக்கல் சீட்டு விற்பதையும் தவிர்க்க வேண்டும்; 2003 முதல் லாட்டரி தடைசெய்யப்பட்டுள்ள மாநிலம் இது. அதற்கு ஈடாக நம்மிடம் ஏலம் இருக்கிறது. தோப்பின் முதல் வாழைத்தார், ஒரு கிடாய்க்குட்டி, ஒரு மூட்டை மரபு நெல் என்று பொருள்களைக் கொடையாகப் பெற்று ஏலம் விட்டால் வருமானமும் வரும், கூட்டமும் கலையாமல் நிற்கும்.

விழாவே நிலத்தைக் கெடுக்கலாம்

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு நாள் மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கும் அந்த மனத்தோடு ஒப்பிட்டால், பறவைகள் கூடுகட்டியிருக்கும் கார்த்திகை, மார்கழியில் ஏரிக்கரையிலேயே ஒலிபெருக்கி கட்டி ‘ஏரி காப்போம்’ விழா நடத்துவது எவ்வளவு பொருந்தாதது என்பது புரியும். விழாவை ஊருக்குள் நடத்திவிட்டுச் சிறு குழுக்களாகக் கரைக்கு அழைத்துச் செல்லலாம். இரவு 10 மணிக்கு மேல் பொது இடங்களில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிக் கோப்பைகளும் ஞெகிழித் தாள்களும் 2019 முதல் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்டவை. வாழையிலையும் பாக்குமட்டையும் நம் ஊரிலேயே கிடைக்கின்றன.

கணக்கு வைப்பதில் எல்லாரும் செய்யும் தவறு, வசூலான மொத்தத் தொகையை மேடையில் அறிவித்துவிட்டுச் செலவைப் பிறகு சொல்வது. பந்தல், சமையல், பனியன், பதக்கம், ஃபிளெக்ஸ் எல்லாம் கழிந்த பிறகு நிலத்துக்கு மிஞ்சுவது பாதிகூட இல்லை என்று பின்னர் தெரியவரும்போது, திருட்டே நடக்காத இடத்திலும் திருட்டுப் பேச்சு எழுகிறது. விழாச் செலவை உள்ளூர்க் கடைக்காரர்கள் சிலரிடம் தனியே பெற்று, பொதுமக்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் நிலத்துக்கே போகும் என்று முன்கூட்டியே அறிவிக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால் செலவுக்கு ஒரு வரம்பை முதலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

கிடைத்த பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே செலவழிப்பதும் கூடாது. முன்பு மடை திறக்கவும் வாய்க்கால் பார்க்கவும் ஊரில் நீர்க்கட்டி இருந்தார். அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். அந்த வேலை இப்போது யாருடையதும் இல்லாமல் போய்விட்டது. திரட்டிய தொகையில் ஒரு பங்கை வைப்புநிதியாகப் போட்டு, ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்யவும் மதகுப் பலகையைச் சரிபார்க்கவும் ஒருவருக்குக் கூலி கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை முடிந்த நாளில் ஊரைக் கரைக்கு அழைத்து, வரவு செலவு நோட்டை அங்கேயே வாசித்து, வாய்க்காலை எல்லாரும் நடந்து பார்த்துவிட்டால், அடுத்த ஆண்டு விழாவுக்கான அழைப்பை அங்கேயே கொடுக்கலாம்.